கார்ப்பஸ் கிறிஸ்டி பாலமும் நம் லயத்து வீடும்

எல்லாரும் பசியாறியாச்சா? சரி. பந்திங்கில் கோயில் மண்டபத்தில் நின்றுகொண்டு அமெரிக்கப் பாலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. நம் சிலாங்கூரில், பக்கத்திலிருக்கும் கேரித் தீவில் பெரிய துறைமுகம் வரும் என்ற பேச்சு எத்தனை வருடமாக ஓடுகிறது? அதனால்தான்.

கார்ப்பஸ் கிறிஸ்டி, டெக்சஸ் மாநிலத்துத் துறைமுக ஊர். 1959இல் அங்கே கட்டிய பாலத்துக்கடியில் கப்பல் நுழைய 138 அடி உயரம்தான். கப்பல்கள் பெருத்துவிட்டன, கச்சா எண்ணெய் ஏற்றுமதி ஏறிவிட்டது, உப்புக்காற்றில் இரும்பு அரித்துப் பழுதுபார்த்தே காசு கரைந்தது. 205 அடி விட்டுப் புதுசு கட்டுவோம் என்று 2016இல் இறங்கினார்கள். நடுவில் வடிவமைப்பில் சந்தேகம் வந்து வேலை நின்று, ஒருவழியாக 2025 ஜூனில்தான் வண்டி ஓடியது. நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் தனிப்பாதை உண்டு. படத்தில் பார்த்தபோது பொறாமையாகத்தான் இருந்தது. செம்பனை லோரிக்கு ஒதுங்கி ஒதுங்கி மோட்டார் ஓட்டுகிற உங்களுக்கு ஏனென்று தெரியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது பக்கத்திலிருந்த ஹில்கிரெஸ்ட் பற்றி. கறுப்பினக் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்ந்த குடியிருப்பு. துறைமுகம், எண்ணெய் ஆலை, நெடுஞ்சாலை என்று மூன்று பக்கம் ஏற்கெனவே அடைத்தாயிற்று. மிச்சப் பக்கத்தையும் புதுப் பாலத்துக்கு ஏறும் சாலை அடைக்கப்போகிறது என்று தெரிந்ததும், 2015இல் அங்குள்ளவர்கள் மத்திய அரசிடம் இனப் பாகுபாடு என்று புகார் கொடுத்தார்கள். எப்போது என்பதைக் கவனியுங்கள்: திட்டத்துக்கு இறுதி ஒப்புதல் கிடைக்கும் முன்பே. அதே வருடக் கடைசியில் ஒப்பந்தம் ஆனது. போக விரும்புகிறவர் வீட்டைத் துறைமுகம் வாங்கிக்கொள்ளும், வாடகைக்கு இருந்தவருக்கும் இடம் மாற உதவி உண்டு. வாடகைக்காரருக்கும்! நாம் நாற்பது வருடம் ரப்பர் பால் வெட்டி, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் கிடந்தாலும் வீடு தோட்டத்துடையது, வேலை முடிந்தால் சாவியைக் கொடு என்பதுதானே கேட்டுப் பழகிய பேச்சு.

இதை வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். பலர் போய்விட்டார்கள், வீடுகளை இடித்தாயிற்று. போகாத சிலரைச் சுற்றிலும் காலி மனை.

அப்புறம் ஒன்று. பிராங் பெசார் ரப்பர் தோட்டம் மலேசியாவின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா ஆனபோது நம்மவர்கள் டெங்கில் அடுக்குமாடிக்குப் போனார்கள். அப்படி எந்தத் தோட்டத்திலிருந்தாவது கிளம்பி வந்தவர்கள் இங்கே இருந்தால், அன்றைக்கு யார் வந்து கூப்பிட்டார்கள், கையில் காகிதம் கொடுத்தார்களா இல்லை வாய்வார்த்தைதானா, அதைச் சொல்லிவிட்டுப் போங்கள். மைக் இங்கேதான் இருக்கிறது.