புள்ளி ஏன் பக்கத்து எழுத்துக்கு ஓடியது? சிஎன்சி ரூட்டர் பாதியில் திணறினால் முதலில் இதைப் பாருங்கள்

[காட்சி: மரப்பலகை, மிக அருகில்]

இந்தப் பலகையை உற்றுப் பாருங்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வாசலில் மாட்டலாம் என்று சிஎன்சி ரூட்டரில், அதாவது கணினி சொல்லும் பாதையில் மரத்தைச் செதுக்கும் இயந்திரத்தில், ‘நல்வரவு’ செதுக்கினேன். வளைவெல்லாம் சுத்தம், ஆழம் ஒரே சீர், தடவினால் பிசிறு இல்லை. இப்போது வாய்விட்டுப் படியுங்கள். ‘நலவ்ரவு’. ல் தலையில் விழ வேண்டிய புள்ளி வ தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது. அளந்து பார்த்தேன், 43 மில்லிமீட்டர் தள்ளி.

ஒன்றரை மணி நேரம் ஒழுங்காக ஓடிய இயந்திரம் கடைசி அரை நிமிடத்தில் இப்படிச் செய்தது. ஆனால் இந்த ஒரு புள்ளிதான் கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுத்தது. எப்படி என்று சொல்கிறேன், சிஎன்சி ரூட்டர் வைத்திருக்கும் ஒரு நண்பராவது உங்களுக்கு இருந்தால் இந்த வீடியோவை அவருக்கு அனுப்புங்கள்.

வரலாறு வேகமாக: 1952இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எண்களால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தைக் காட்டினார்கள், 2009இல் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் என்பவர் ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையில் ஓடி இயந்திரத்தை நடத்தும் ஜிஆர்பிஎல் மென்பொருளைத் தொடங்கினார், அதன் புண்ணியத்தில் இன்று நம் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டு மேசை மேல் 3018 என்ற மாடல் மாதிரியான சின்ன இயந்திரங்கள் உட்கார்ந்திருக்கின்றன. போதும், விஷயத்துக்கு வருவோம்.

[காட்சி: ஸ்டெப்பர் மோட்டார், மேலிருந்து]

இயந்திரத்தை அடி அடியாக நகர்த்துவது இந்த ஸ்டெப்பர் மோட்டார். இதற்குக் கண் கிடையாது. நடுராத்திரி விளக்கைப் போடாமல் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். பன்னிரண்டு அடி வைத்தால் கதவு வரும் என்று காலுக்குத் தெரியும். நடுவில் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துக்கொள்ள, மூன்று அடி நின்ற இடத்திலேயே நடக்கிறீர்கள். வாய் மட்டும் பன்னிரண்டு என்று எண்ணி முடித்துவிட்டது. கையை நீட்டினால் கதவு இல்லை, சுவர். ஸ்டெப்பர் மோட்டார் செய்வது அச்சு அசலாக இதுதான். இயந்திரத்தின் மூளையான கன்ட்ரோலர் எண்ணுகிறது, மோட்டார் நடந்ததா என்று திரும்பிப் பார்ப்பதே இல்லை.

இப்போது ஒரு கணக்கு, எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். நீமா 17 என்ற அளவில் வரும் சாதாரண மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி எடுத்து வைக்கும். மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சிப்பான டிரைவர் ஒவ்வொரு அடியையும் பதினாறாகப் பிரித்துக் கொடுத்தால் 3200 சின்ன அடி. என் இயந்திரத்தில் மோட்டார் சுற்றும் நீளத் திருகான லீட் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 4 மில்லிமீட்டர் நகர்த்துகிறது, ஆக ஒரு மில்லிமீட்டருக்கு 800 அடி. அப்படியானால் அந்தப் புள்ளி 43 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தபோது, மோட்டார் 34,400 அடிகளைத் தவறவிட்டிருக்கிறது. அத்தனையும் ‘ட்ர்ர்ர்’ என்று ஒரு விநாடிக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்ட ஒரே சத்தத்துக்குள்!

சரி, உங்கள் பலகையில் பிழை வந்தால் என்ன செய்வீர்கள்? பெரும்பாலானோர் உடனே மென்பொருளைத் திறந்து எண்களை மாற்ற ஆரம்பிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். முதலில் மரத்தைப் படியுங்கள், என்ன வகைப் பிழை என்று அதிலேயே எழுதியிருக்கும்.

ஒரு இடம் வரைக்கும் எல்லாம் சரி, அதற்கு அப்புறம் வெட்டியது மொத்தமும் ஒரே பக்கம் நகர்ந்திருக்கிறது என்றால் அடி தவறியிருக்கிறது, இல்லையென்றால் மோட்டார் தண்டையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளர் வழுக்கியிருக்கிறது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பிரித்துக் கண்டுபிடிக்க ஒரு மார்க்கர் போதும், மோட்டார் தண்டிலிருந்து கப்ளர் வழியாக ஸ்க்ரூ வரைக்கும் ஒரே கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். கோடு உடைந்திருந்தால் கப்ளரில் இருக்கும் தலையில்லாத சின்னத் திருகை (க்ரப் ஸ்க்ரூ) ஆலன் கீயால் இறுக்கினால் கதை முடிந்தது. ஐந்து காசு செலவில்லாத சோதனை, தயவுசெய்து இதை முதலில் செய்யுங்கள்.

வட்டம் வெட்டினால் மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கு இடத்தில் சின்னத் தட்டை விழுகிறதா? அது பேக்லாஷ். திசை திரும்பும்போது நட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. எத்தனை முறை வெட்டினாலும் பிழை வளராது, அதே அளவில் நிற்கும். ஸ்பிரிங் வைத்த நட் மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

எல்லாமே ஒரே விகிதத்தில் பெரிதாகவோ சிறிதாகவோ வருகிறது என்றால்தான் ஜிஆர்பிஎல் அமைப்புகளில் டாலர் குறியோடு வரும் 100, 101, 102 என்ற மூன்று வரிகளைப் பார்க்க வேண்டும், மில்லிமீட்டருக்கு எத்தனை அடி என்பது அங்கேதான் இருக்கிறது. இதில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. லீட் ஸ்க்ரூ இயந்திரத்தில் 800 என்று கணக்கு சொன்னால் 800 தான். 10 மில்லிமீட்டர் நகர்த்தி ஸ்கேலால் அளந்துவிட்டு அதை 806 என்று மாற்றுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது, அவர்கள் அளப்பது பேக்லாஷைத்தான். பெல்ட் இயந்திரம் என்றால் வேறு, பெல்ட் கொஞ்சம் நீளும், அங்கே நீளமான தூரத்துக்கு, ஒரே திசையிலிருந்து வந்து அளந்து திருத்தலாம்.

[காட்சி: மறுபடி பலகை]

இப்போது என் புள்ளிக்கு வருகிறேன். மென்பொருளில் எழுத்துகளுக்கு ஒரு பாதை, புள்ளிக்குத் தனிப் பாதை, புள்ளி கடைசியில். வு முடித்து வலது ஓரத்தில் நின்ற ஸ்பிண்டில், அதாவது வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார், பலகையின் குறுக்கே இடப்பக்கம் இருக்கும் ல் வரை ஒரே மூச்சில் ஓடி வர வேண்டும். வழியில்தான் அந்த ‘ட்ர்ர்ர்’. முழுவதும் வந்து சேரவில்லை, அதனால் புள்ளி வலப்பக்கம் தள்ளி விழுந்தது. கவனியுங்கள், அப்போது பிட் மரத்தைத் தொடவே இல்லை. காற்றில் ஓடியது. பிட் மழுங்கல், மரம் கடினம், ஆழம் அதிகம் என்று நாம் சொல்லும் காரணம் எதுவும் இங்கே செல்லாது.

எங்கள் புளோக்கில் ஒரு அண்ணன் இருக்கிறார், கப்பல் பட்டறையில் பல வருடம் ஃபிட்டராக இருந்தவர். பலகையைக் காட்டியதும் அவர் மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “தம்பி, கரண்டை அணைத்துவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்தாயா?” என்றார்.

சுற்றினேன், மெதுவாக. வேகமாகச் சுற்றினால் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி டிரைவரைக் கெடுத்துவிடக்கூடும், அதை மறக்காதீர்கள். வலது ஓரத்திலிருந்து வெண்ணெய் மாதிரி வந்தது. நடுவிலும் அப்படியே. மோட்டார் இருக்கும் இடப்பக்க முனையை நெருங்க நெருங்க விரல் நுனியில் கனம் ஏறியது, கடைசியில் இரண்டு விரலால் முடியவில்லை, உள்ளங்கையால் பிடித்துத் திருக வேண்டியிருந்தது.

காரணம் எளிது. பித்தளை நட் கொஞ்சம் கோணலாக மாட்டியிருந்தது. ஸ்பிண்டிலைச் சுமக்கும் வண்டி நடுவில் இருக்கும்போது நீளமான ஸ்க்ரூ சற்று வளைந்து கொடுத்துச் சமாளித்துவிடும். மோட்டார் பக்கத்தில் வரும்போது வளைய இடமில்லை, நெரிக்கிறது. அதோடு எம்டிஎஃப் என்ற அழுத்திய மரநார்ப் பலகையின் தூளும் நான் போட்ட எண்ணெயும் நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்து, கொழுக்கட்டைக்குப் பிசைந்த மாவு மாதிரி நட்டுக்குள் அப்பியிருந்தது.

செய்தது இதுதான். ஸ்க்ரூவைத் துணியால் முழுவதும் துடைத்து, காய்ந்த வகை லூப்ரிகன்ட்டைக் கொஞ்சமாகப் போட்டேன். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம், நாள்பட்டால் அதுவே பிசின் ஆகிவிடும். அப்புறம் நட்டைப் பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்த்தி, வண்டியை மோட்டார் பக்க முனைக்கே கொண்டுபோய், நட் தானாக நேராக உட்கார்ந்த பிறகு அங்கேயே வைத்து இறுக்கினேன். நடுவில் வைத்து இறுக்கினால் பயனில்லை, நெரிக்கும் முனையில்தான் இறுக்க வேண்டும். இப்போது ஒரு விரலால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சுற்றலாம், பாருங்கள்.

[காட்சி: விரலால் சுற்றுவது, வெட்டாமல் ஒரே ஷாட்]

இதற்கு அப்புறமும் காற்றில் திணறினால்தான் எண்களைத் தொட வேண்டும். டாலர் 110இல் தொடங்குவது அதிகபட்ச வேகம், 120இல் தொடங்குவது முடுக்கம். கோயில் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்தவர்கள் முதல் இழுப்பை மெதுவாகக் கொடுத்தால் தேர் அசையும், அசைந்த பிறகு சுலபமாக வரும். நின்ற தேரை வெடுக்கென்று இழுத்தால் வடம்தான் அறும். முடுக்கத்தைப் பாதியாக்கி ஓட்டிப் பாருங்கள். வேகத்தையும் குறையுங்கள், ஏனென்றால் ஸ்டெப்பர் மோட்டாரின் பலம் வேகம் ஏற ஏறக் குறையும், நின்றிருக்கும்போதுதான் அது பயில்வான்.

இன்னொன்று சூடு. சத்தம் அக்கம்பக்கத்துக்குக் கேட்கக்கூடாது என்று பலர் இயந்திரத்தை வீட்டின் பாம் ஷெல்டரில், அதாவது குண்டுவீச்சிலிருந்து ஒதுங்கக் கட்டிய கான்கிரீட் அறையில், வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள், எனக்கும் அந்த ஆசை வந்தது. காற்றோட்டமில்லாத அந்த அறையில் டிரைவர் சிப் சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், ஆறியதும் மறுபடி ஓடும், நடுவில் போன அடிகள் போனதுதான். சுவரைக் குடைந்து ஃபேன் வைக்க அங்கே அனுமதியும் இல்லை. கன்ட்ரோலர் மேலேயே ஒரு சின்ன ஃபேன் வையுங்கள், சிம் லிம் டவரில் கிடைக்கும்.

டிரைவரின் கரண்ட்டையும் பாருங்கள். ஏ4988 டிரைவரில் ஆர்100 என்று எழுதிய ரெசிஸ்டர் இருந்தால், சின்னத் திருகில் மல்டிமீட்டர் 0.8 வோல்ட் காட்டும்போது ஒரு ஆம்பியர். மோட்டார் தாங்கும் அளவைத் தாண்டாதீர்கள், கரண்ட் இருக்கும்போது மோட்டார் வயரைப் பிடுங்கவே பிடுங்காதீர்கள்.

மரத்துக்குள் இருக்கும்போது மட்டும் நிற்கிறது என்றால் ஆழத்தைக் குறையுங்கள், 3.175 மில்லிமீட்டர் பிட்டுக்கு ஒரு முறைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் தாராளம்.

மேலும் கீழும் நகரும் இசட் அச்சு மட்டும் மெல்ல மெல்ல இடம் மாறினால் டாலர் 1 என்ற வரியை 255 ஆக்குங்கள். அது சின்ன எண்ணாக இருந்தால் வேலை இல்லாத நேரத்தில் மோட்டார் பிடியை விட்டுவிடும்.

எங்காவது ஓரிடத்தில் திடீரென்று மொத்தமும் நின்று, திரையில் அலாரம் வந்தால் அது மோட்டார் பிரச்சினையே இல்லை. ஸ்பிண்டில் மோட்டாரின் மின்இரைச்சல், ஓரம் வந்ததை உணரும் லிமிட் சுவிட்ச் வயரில் ஏறியிருக்கும், அல்லது யூஎஸ்பி இணைப்பு அறுந்திருக்கும். குட்டையான, கவசமுள்ள யூஎஸ்பி வயர் போடுங்கள், ஸ்பிண்டில் வயரையும் சுவிட்ச் வயரையும் சேர்த்துக் கட்டாதீர்கள், லேப்டாப் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இயந்திரத்திலும் இப்படி ஏதாவது நடந்தால் கீழே எழுதுங்கள், நான் ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். எழுதும்போது மூன்று விஷயம் வேண்டும்: கெட்டுப்போன பலகையின் படம், பிழை வந்தபோது பிட் மரத்தில் இருந்ததா காற்றில் இருந்ததா, டாலர் டாலர் என்று அடித்தால் வரும் எண்களின் பட்டியல். கையால் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.