இரண்டாம் ரிச்சர்ட் ராஜாவின் சமையலறையிலிருந்து ஒரு கோழிச் சோறு, ஒரு துவையல்

வணக்கம் மக்களே. இன்றைக்கு அடுப்பில் ஏறப்போவது கோழி, அரிசி, பாதாம், சர்க்கரை. நான்கும் ஒரே சட்டியில். முகம் சுளிக்காதீர்கள், இது ராஜா வீட்டுச் சாப்பாடு.

இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் ரிச்சர்டின் தலைமைச் சமையல்காரர்கள் 1390 வாக்கில் ஒரு சமையல் தொகுப்பு செய்தார்கள். ஃபார்ம் ஆஃப் கியூரி என்று அதற்குப் பெயர். தோலில் எழுதிய நீளமான சுருளாக அதன் பிரதி ஒன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 200 குறிப்புகள். அரசவை மருத்துவர்களும் தத்துவ அறிஞர்களும் ஆலோசனை சொல்லி ஒப்புக்கொண்ட சமையல் இது என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார்கள். அதில் வரும் பிளாங்க் மாங் என்ற கோழிச் சோறுதான் இன்றைய சமையல். கூடவே ஒரு சாஸ் அரைக்கப் போகிறேன். உண்மையைச் சொன்னால் இந்த வீடியோவே அந்த சாஸுக்காகத்தான்.

கோழி வெந்துகொண்டிருக்கிறது. அவர்கள் போட்டது காயடித்துக் கொழுக்க வைத்த சேவல். நான் சாதாரணக் கோழியின் நெஞ்சுக்கறி போட்டிருக்கிறேன். வெறும் தண்ணீர், உப்பு, அவ்வளவுதான்.

அதற்குள் இந்த மேசையைக் கொஞ்சம் பாருங்கள். லண்டனில் ஈஸ்ட்ஹாம் பக்கம் நம்ம கடை ஒன்றில் வாங்கி வந்தேன். திப்பிலி, வால்மிளகு, சித்தரத்தை, ஜாதிபத்திரி, சுக்கு, கிராம்பு, பட்டை. தீபாவளி லேகியம் கிளறப் போகிறேனோ என்று கடைக்காரர் நினைத்திருப்பார். ஆனால் இவை அத்தனையும் 600 வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்து அரண்மனைச் சமையலறையில் புழங்கியவை. அதே காலத்து ஆங்கிலக் கவிஞர் சாஸருடைய கேன்டர்பரி கதைகளில் ஒரு சமையல்காரன் வருவான், அவன் சமையலிலும் சித்தரத்தை உண்டு. அவன் காலில் ஆறாத புண் இருந்தது என்று ஒரு வரி, அடுத்த வரியிலேயே பிளாங்க் மாங் செய்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று இன்னொரு வரி. சாஸருக்குக் குசும்பு அதிகம்.

செஞ்சந்தனத்தையும் இவர்கள் சமையலில் போட்டார்கள், சிவப்பு நிறத்துக்காக. அந்த மரம் இயற்கையாக வளர்வது நம்ம கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கம். எத்தனை கை மாறி, எத்தனை கப்பல் ஏறி இங்கே வந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

மிளகின் கதை இன்னும் பழசு. வட இங்கிலாந்தில் விண்டோலாண்டா என்று ஒரு ரோமானியக் கோட்டை இருந்தது. அங்கே கிடைத்த, கி.பி. 100ஐ ஒட்டிய மரப்பலகைக் கடிதங்களிலேயே மிளகு வாங்கிய கணக்கு இருக்கிறது. ரோமானியர்களுக்கு மிளகு போனது நம்ம சேர நாட்டுக் கரையிலிருந்து. 1992இல் சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் ஒரு புதையல் கிடைத்தது. ரோமானிய ஆட்சி முடியும் காலத்தில் யாரோ புதைத்து வைத்தது. அதில் வெள்ளி மிளகுச் செப்புகள் இருந்தன. ஒன்று பெண் உருவத்தில் இருக்கும். அடியில் ஒரு தட்டு. அதைத் திருப்பினால் மூடிக்கொள்ளும், இன்னொரு பக்கம் திருப்பினால் தூவலாம், இன்னும் திருப்பினால் மிளகை நிரப்பலாம். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, லண்டன் வந்தால் பாருங்கள். அப்புறம் 735இல் ஜாரோ மடத்தில் பீட் என்ற துறவி இறந்துபோகிறார். பெரிய அறிஞர். சாவதற்கு முன் தன் பெட்டியில் இருந்ததைச் சக துறவிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். அந்தச் சொத்தில் மிளகும் ஒன்று. 1180இலேயே லண்டனில் மிளகு வியாபாரிகளுக்குத் தனிச் சங்கம் இருந்தது.

சரி, கோழி வெந்துவிட்டது. தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஊறவைத்துத் தோல் உரித்த பாதாமை அந்தத் தண்ணீரையே விட்டு அரைக்க வேண்டும். குறிப்பு அப்படித்தான் சொல்கிறது. மிக்ஸியில் நன்றாக ஓட்டித் துணியில் பிழிகிறேன்.

ஏன் பாதாம் பால்? சர்ச் விதி. வெள்ளி, சனி, சில காலம் புதனும், இவை போக ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் தவக்காலம், எதிலும் இறைச்சி கூடாது. தவக்காலத்தில் பால், வெண்ணெய், முட்டை கூட ஆகாது. வருஷத்தில் பாதி நாள் விரதம் மாதிரிதான். அதனால் பணக்கார வீட்டுச் சமையலறை முழுக்கப் பாதாம் பால். மீன் நாட்களில் இதே பிளாங்க் மாங்கில் கோழிக்குப் பதில் மீன் விழும். கைப்பழக்கம் ஆகிவிட்டதால் இறைச்சி நாளிலும் பாதாம் பாலை விடவில்லை.

இப்போது பால் கொதிக்கும்போது கழுவிய அரிசியைப் போடுகிறேன். அரிசி இங்கே விளையாது, தெற்கு ஐரோப்பாவிலிருந்து வரும். அதனால் மிளகு, பட்டை வாங்கும் கணக்கில்தான் அரிசியையும் எழுதுவார்கள். சர்க்கரையும் அதே கணக்கில்தான். எவ்வளவு அரிசி, எத்தனை நிமிஷம்? குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை. சமைக்கத் தெரிந்தவனுக்காக எழுதியது, அவ்வளவுதான்.

இது குழைய நேரம் ஆகும். சாஸுக்கு வருவோம். கேமலின் சாஸ். உலர்ந்த சின்ன திராட்சை, கொட்டைப் பருப்பு, ரொட்டியின் ஓரம், சுக்குப் பொடி, கிராம்பு, பட்டைப் பொடி. எல்லாவற்றையும் நன்றாக இடித்து, உப்புப் போட்டு, வினிகர் விட்டுக் கரைக்க வேண்டும். அடுப்பே வேண்டாம். பச்சையாக அரைத்த துவையல், வேறென்ன? கொட்டைப் பருப்பு எது என்று குறிப்பு சொல்லவில்லை, நான் வால்நட் போடுகிறேன். கெட்டியாக வருவதற்கு மைதா கிடையாது, ரொட்டிதான். அந்தக் காலத்து சாஸ் பெரும்பாலும் இப்படி ரொட்டியிலோ பாதாமிலோ கெட்டியானவை. புளிப்புக்கு வினிகர், அல்லது பழுக்காத திராட்சையையோ காட்டு ஆப்பிளையோ பிழிந்த சாறு.

கெட்டுப்போன இறைச்சியின் நாற்றத்தை மறைக்கத்தான் இவ்வளவு மசாலா என்று ஒரு கதை சுற்றுகிறது. எனக்கு இது கொஞ்சமும் ஒப்பவில்லை. ஆடும் மாடும் உள்ளூரில் வளர்ந்தவை. மிளகு பாதி உலகம் தாண்டி வந்தது. அதை வாங்க வசதி உள்ளவன் அழுகிய கறியை ஏன் வாங்கப் போகிறான்? லண்டனில் அழுகிய இறைச்சி விற்று மாட்டியவனைக் கழுத்தையும் கையையும் பிடிக்கும் மரச் சட்டத்தில் ஊரார் முன் பூட்டி, அவன் மூக்குக்குக் கீழேயே அந்தக் கறியைக் கொளுத்தினார்கள். வெயில் நாட்டுக்காரர்கள் நாம் மசாலா போட்டால் ருசி, அவர்கள் போட்டால் நாற்றத்துக்கா?

உண்மையான காரணத்தில் பாதி பகட்டு, பாதி வைத்தியம். உடம்பில் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு நீர்கள் இருப்பதாக நம்பினார்கள். மீன் குளிர்ச்சி, ஈரம். அதற்குச் சூடும் வறட்சியும் உள்ள மசாலா சேர்த்தால் சமமாகும். வாதம், பித்தம், கபம் பேசி வளர்ந்த நமக்கு இதைப் புரியவைக்கத் தேவையே இல்லை. சமையல் தொகுப்புக்கு மருத்துவர்கள் ஏன் ஒப்புதல் கொடுத்தார்கள் என்பதும் இதில் தெரிந்துவிடும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதெல்லாம் மேல்தட்டுச் சாப்பாடு. உழவன் வீட்டில் ஓட்ஸ், பார்லி, பட்டாணி, லீக்ஸ், முட்டைக்கோஸ் போட்டு ஒரே பானையில் கொதித்த பாட்டேஜ். வாய்த்தால் ஒரு துண்டு பன்றிக்கறி. கோதுமையும் ரையும் கலந்த கறுப்பு ரொட்டி, பீர் மாதிரி லேசான ஏல். காரத்துக்குக் கடுகும் பூண்டும். உருளைக்கிழங்கு இல்லை. அது 1500களின் கடைசியில்தான் இந்தத் தீவுக்கு வருகிறது.

வெந்த கோழியை நார் நாராகக் கிழித்து அரிசியில் போட்டாயிற்று. பன்றிக் கொழுப்புக்குப் பதில் வெண்ணெய். சர்க்கரை, உப்பு. மேலே எண்ணெயில் பொரித்த பாதாமும், சர்க்கரை பூசிய சோம்பும் தூவ வேண்டும், சிவப்போ வெள்ளையோ. கலர் சோம்பு மிட்டாய் நம்ம கடையிலேயே கிடைத்தது.

சாப்பிட்டுப் பார்க்கிறேன். ம்ம். சாது. நோயாளிக்கும் நல்லதென்று இந்த வெள்ளைச் சாப்பாட்டை அந்தக் காலத்தில் நினைத்தார்களாம், அது சரிதான். குழந்தைகளுக்குப் பிடிக்கும், எனக்கு அரைத் தட்டு போதும். இப்போது பொரித்த கோழியோடு கேமலின். இது வேறு! முதலில் வினிகர் சுள்ளென்று, பிறகு திராட்சையின் இனிப்பு, கடைசியில் கிராம்பு நாக்கில் நிற்கிறது. தோசைக்குத் தொட்டுக்கொண்டாலும் போகும்.

இவ்வளவு மசாலா அப்புறம் எங்கே போனது? 1600களில் கிழக்கிந்தியக் கம்பெனிகள் மூட்டை மூட்டையாக இறக்கி விலையைக் குறைத்தன. பணக்காரனுக்குப் பகட்டுக்கு உதவாமல் போயிற்று. அதே நேரத்தில் பிரான்சிலிருந்து வெண்ணெய், கிரீம், பச்சை மூலிகை என்று புதுப் பாணி வந்தது. இனிப்பு தனி, உப்பு தனி என்று பந்தி பிரிந்தது. மசாலா கேக்கிலும் புட்டிங்கிலும் ஒதுங்கியது. 1747இல் ஹன்னா கிளாஸ் தன் புத்தகத்தில் கறி செய்யச் சொல்லித் தந்தபோது, கொத்தமல்லி விதையை நெருப்பு அள்ளும் இரும்பு அள்ளியில் வறுக்கச் சொல்கிறார். நல்லவேளை, சுத்தமான அள்ளி என்று எழுதியிருக்கிறார்.

பிளாங்க் மாங்கிலிருந்து கோழி மெல்லக் கழன்று, சோளமாவில் செய்யும் பால் இனிப்பாக இறங்கிவிட்டது. ஆனால் பழைய கை முழுசாகப் போகவில்லை. கிறிஸ்துமஸ் விருந்தில் வான்கோழிக்குப் பக்கத்தில் வைக்கும் பிரெட் சாஸைத் தேடிச் சாப்பிட்டுப் பாருங்கள். பாலில் கிராம்பு ஊறவைத்து, ரொட்டித் தூளால் கெட்டியாக்கியது.

கேமலின் அளவு: திராட்சை, வால்நட் ஒவ்வொரு கைப்பிடி, ரொட்டி ஓரம் ஒரு துண்டு, பட்டையும் சுக்கும் அரை ஸ்பூன், கிராம்பு இரண்டு, வினிகர் அரைக்கத் தேவையான அளவு. கிராம்பை மட்டும் கூட்டாதீர்கள், மருந்து வாசம் வந்துவிடும். ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.