பிரின்ஸ் மேலே எறிந்த கிட்டார் எங்கே போனது?

[திரையில்: மேடை. சிவப்புத் தொப்பி, சிவப்புச் சட்டை, கறுப்பு கோட்டில் ஒருவர். கிட்டார் மேலே பறக்கிறது. அங்கேயே படம் நிற்கிறது.]

மேலே போனது கீழே வந்தே ஆக வேண்டும். நியூட்டன் தாத்தா சொன்னதை நாமும் மார்க்குக்காக எழுதியிருக்கிறோம். இந்த கிட்டார் மட்டும் போனது போனதுதான். வீடியோவை எத்தனை முறை ஓட்டினாலும் அது திரும்பி வருவது தெரியாது. எறிந்த மனுஷர் பிரின்ஸ், அமெரிக்கப் பாடகர், கிட்டார் கலைஞர். எதுவுமே நடக்காதது போல நடையைக் கட்டுகிறார்.

வணக்கம் மக்களே. இணையத்தில் கிடைக்கும் ராக் மேடை வீடியோக்களில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால், எனக்கு இதுதான். சண்டைக்கு வருபவர்கள் கமெண்டுக்கு வாருங்கள்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். 2004 மார்ச் 15, நியூயார்க், வால்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டல். ராக் இசையின் பெரிய ஆட்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழா. 2001இல் காலமான, பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்கு அன்று கௌரவம். அதே மேடையில் பிரின்ஸுக்கும். ஹாரிசன் 1968இல் எழுதிப் பாடிய 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' பாட்டை எல்லோரும் சேர்ந்து வாசிப்பதாக ஏற்பாடு. அவ்வளவுதான்.

[திரையில்: மேடையில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக.]

பாடுபவர்கள் டாம் பெட்டியும் ஜெஃப் லின்னும். இருவரும் ஹாரிசனோடு டிராவலிங் வில்பரிஸ் குழுவில் இருந்த நண்பர்கள். ஆர்கனில் ஸ்டீவ் வின்வுட். நடுவில் அக்கூஸ்டிக் கிட்டாரோடு நிற்கும் பையன் தானி ஹாரிசன், ஜார்ஜின் மகன், அப்போது வயது 25. அப்பாவை உரித்து வைத்தது போல இருப்பார். இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

சரி, பிரின்ஸ் எங்கே? மேடை ஓரத்தில். கிட்டத்தட்ட மூன்றரை நிமிடம் அவர் அங்கே இருப்பதே தெரியாது.

இதற்கு ஒரு கதை உண்டு. விழாவின் ஒளிபரப்பை இயக்கிய ஜோயல் கேலன் பின்னாளில் சொன்னது. ஒத்திகையில் நடு சோலோ, அதாவது பாட்டின் நடுவே கிட்டார் மட்டும் தனியாக முன்னுக்கு வரும் இடம், வந்தபோது, லின்னின் குழுவில் வாசிக்கும் மார்க் மேன் முந்திக்கொண்டு வாசித்துவிட்டார். கடைசி சோலோவையும் அவரே எடுத்துக்கொண்டார். கேலனுக்கு வயிற்றில் புளி கரைத்தது. பிரின்ஸோ கோபப்படவே இல்லை. நடு சோலோ அவருக்கே இருக்கட்டும், கடைசியில் நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கடைசிப் பகுதியை அவர் முழுதாக ஒத்திகை பார்த்துக் காட்டவே இல்லையாம்.

மார்க் மேனைக் குறை சொல்ல முடியாது. 1968 ஒலிப்பதிவில் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் வாசித்ததை அப்படியே பிசகாமல் வாசிக்கிறார். அப்புறம் பிரின்ஸ் நடுவுக்கு வருகிறார்.

[திரையில்: இடது கை விரல்கள், அருகில்.]

இங்கே கொஞ்சம் நிற்போம், எனக்குப் பிடித்த இடம் இது. இந்தப் பாட்டின் அடியில் பேஸ் கிட்டார் படி இறங்குவது போல ஒவ்வொரு ஸ்வரமாக இறங்கிக்கொண்டே இருக்கும்: ஏ, ஜி, எஃப் ஷார்ப், எஃப். முடிந்ததும் திரும்ப மேலிருந்து. கீழே எல்லாம் இறங்கும்போது பிரின்ஸ் மேலே ஏறுகிறார். ஏறுவதும் ஒவ்வொரு கட்டமாக விரலை மாற்றி மட்டுமல்ல. வீணையில் ஒரே மெட்டில் விரலை வைத்துக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் அடுத்த ஸ்வரம் வரும் அல்லவா? அதே வேலைதான். கம்பியை இழுத்து, உச்சியில் பிடித்து, அங்கேயே நடுங்கவிடுகிறார். வேகமாக வாசிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இழுத்த கம்பியைச் சுருதி பிசகாமல் அந்தரத்தில் நிறுத்துவதுதான் கஷ்டம். நம் வீணைக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

வாசித்துக்கொண்டே பார்வையாளர் பக்கம் முதுகைக் காட்டி அப்படியே சாய்கிறார். கீழே நிற்கும் ஒருவர் முதுகைத் தாங்கி மறுபடி மேடைக்குத் தள்ளிவிடுகிறார். வாசிப்பு நிற்கவே இல்லை! அப்போது தானியின் முகத்தைப் பாருங்கள். அப்பாவின் நினைவுக்கான பாட்டு, எல்லோரும் உம்மென்று நிற்கிறார்கள்; இவர் மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

ஒரு சின்ன வம்பு. விழாவுக்கு முந்தைய ஆண்டு ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை 100 தலைசிறந்த கிட்டார் கலைஞர்கள் என்று பட்டியல் போட்டது. அதில் பிரின்ஸ் இல்லை. நூறாவது இடத்தில்கூட இல்லை ஐயா! அந்தப் பத்திரிகையைத் தொடங்கிய யான் வென்னருக்கும் அன்றைய விழாவில் கௌரவம். பிரின்ஸ் வாசித்தே பழி தீர்த்தாரா? ஆதாரம் கிடையாது. ரசிகர்கள் அப்படித்தான் நம்புகிறார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

இனி காணாமல் போன கிட்டார். பாட்டு முடிகிறது, வாரைக் கழற்றி மேலே வீசுகிறார். டிரம்ஸ் வாசித்த ஸ்டீவ் ஃபெரோன் அதே மேடையில் இருந்தவர். அது எங்கே போனதென்று தனக்கும் தெரியவில்லை என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். என் கணக்கு இதுதான்: கிட்டார் நேராக மேலே போகவில்லை, முன்பக்கமாகப் போகிறது. முன்னால்தான் அவரைத் தாங்கிப் பிடித்த ஆள் நிற்கிறார். மனுஷனையே பிடித்தவருக்கு கிட்டார் எம்மாத்திரம்? கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

பிரின்ஸ் உயிரோடு இருந்தவரை தன் வீடியோக்களை இணையத்தில் போடுபவர்களோடு மல்லுக்கட்டியவர். 2016இல் அவர் இறந்த பிறகு இது இன்னும் பரவியது. 2021இல் கேலன் இதைத் திரும்ப வெட்டி ஒட்டி, பிரின்ஸ் அதிகம் தெரியும்படி புதிதாக வெளியிட்டார். இரண்டும் கிடைக்கின்றன. விரல்களைப் பார்த்துக் கற்க வேண்டுமா, புதியது. முதல் முறை பார்க்கிறீர்களா, பழையதைப் பாருங்கள். ஓரத்தில் நிற்பவரை மறந்தே போயிருக்கும்போது அவர் நடுவுக்கு வர வேண்டும், அதுதான் சுகம். ஹெட்ஃபோன் கட்டாயம். லைக் எல்லாம் திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாம், முதலில் போய்ப் பாருங்கள்.