கார் ஆம்புக்கு எந்த ஸ்கோப் வாங்கலாம்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சீசன் நேரத்தில் ஊட்டி சேரிங் கிராஸில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். டூரிஸ்ட் வேன் ஒன்று கண்ணாடி அதிரக் கடந்து போகும். என்ன பாட்டு என்று தெரியாது, கரகரவென்று கிழிகிற சத்தம்தான் காதில் விழும். ஸ்பீக்கர் மட்டம் என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் ஸ்பீக்கர்மேல் தப்பே இருக்காது. ஆம்ப்ளிஃபயரில் கெயின் என்று ஒரு சின்னத் திருகு உண்டு, அதை யாரோ கடைசிவரை முறுக்கி வைத்திருப்பார்கள்.

கெயின் என்பது வால்யூம் அல்ல. எங்கே போனாலும் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது, இங்கேயும் சொல்கிறேன். கார் ஸ்டீரியோ செட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தி வைப்பதுதான் அந்தத் திருகின் வேலை. அதைக் காதால் வைக்க முடியாது, கண்ணால்தான் வைக்க வேண்டும். அதற்குத்தான் ஆசிலோஸ்கோப், சிக்னலைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி.

குன்னூர் வேன் டிரைவர் ஒருவர் என்னிடம் வந்தார். ட்வீட்டர் என்கிற, கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கரை மாற்றி மாற்றி அலுத்துப்போனவர். மாற்றும்போதெல்லாம் கடையில் "இன்னும் பெரிசா போடுங்க" என்றே சொல்லியிருக்கிறார்கள். நான் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, பாஸ் பூஸ்ட், லவுட்னெஸ் எல்லாவற்றையும் அணைத்து, பென் டிரைவில் வைத்திருந்த 1000 ஹெர்ட்ஸ் டோனை, ஒரே சீரான சத்தத்தை, ஓடவிட்டேன். செட்டின் வால்யூம் முக்கால்வாசியில். ஆம்பில் ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் இடத்தில் ஸ்கோப்பை மாட்டினால், அலையைக் காணோம். வளைந்து ஏறி இறங்க வேண்டிய கோடு, ரிசார்ட் கட்ட மலை உச்சியை பொக்லைன் வைத்துச் சமன் செய்தது போலத் தட்டையாக நிற்கிறது. இப்படியே தட்டையாகிக்கொண்டு போனால் சதுர அலை. அதே உயரமுள்ள நல்ல அலையைவிட முழுச் சதுர அலைக்கு இரண்டு மடங்கு சக்தி. ட்வீட்டர் பாவம், என்ன செய்யும்?

திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் கொண்டுவந்தேன். உச்சி உருண்டது. அங்கே நிறுத்தினேன். டிரைவர் முகம் சுருங்கிவிட்டது. "என்ன சார், சவுண்டைக் குறைச்சிட்டீங்க?" என்றார். ஸ்பீக்கரை மாட்டி, அவருக்குப் பிடித்த பாட்டைப் போடச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "இதுல தவில் இருக்குதா சார்?" என்றார்!

சரி, ஸ்கோப்புக்கு வருவோம். கடைக்காரர் முதலில் மெகாஹெர்ட்ஸ் கணக்குதான் சொல்வார், எவ்வளவு வேகமான அலைவரை ஸ்கோப் காட்டும் என்று. நூறு மெகாஹெர்ட்ஸ், இருநூறு மெகாஹெர்ட்ஸ் என்று. நம் காது கேட்பதே இருபதாயிரம் ஹெர்ட்ஸ் வரைதான். டி.எஸ்.ஓ. 138 என்று ஒரு ஸ்கோப் கிட், நாமே சால்டரிங் வைத்துக் கோர்க்கலாம். அது இரண்டு லட்சம் ஹெர்ட்ஸ், அதாவது வெறும் 0.2 மெகாஹெர்ட்ஸ்தான் காட்டும். நம் வேலைக்குத் தாராளம். நூறு மெகாஹெர்ட்ஸுக்குக் கொடுக்கிற காசில் நல்ல ஒயரும் ஃபியூஸும் வாங்கலாம்.

நான் முதலில் பார்ப்பது வேறு. தன் சொந்த பேட்டரியில் ஓடுமா? இதுதான் முக்கியம். ஆம்பை பிரிட்ஜ் செய்து, அதாவது இரண்டு சேனலை ஒன்றாக்கி, சப் ஊஃபர் என்கிற பெரிய பாஸ் ஸ்பீக்கருக்குக் கொடுத்திருந்தால், இரண்டு ஒயரில் எதுவும் கார் பாடியோடு சேர்ந்த எர்த் கிடையாது. கார் லைட்டர் சாக்கெட்டில் ஸ்கோப்புக்குக் கரண்ட் எடுத்தால், அதன் கறுப்புக் கிளிப் கார் பாடியோடு சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. அதைக் கொண்டுபோய் சப் ஊஃபர் ஒயரில் மாட்டினால் ஷார்ட். ஆம்ப் புரொடெக்டில் போய்த் தானே அணைந்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் டிரான்சிஸ்டர் போச்சு. ஆகவே பேட்டரியில் ஓடும் கைக்கருவி. அளக்கும்போது சார்ஜரையும் சொருகாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், பேட்டரி.

அடுத்தது, எத்தனை வோல்ட் தாங்கும்? பேப்பர் பேனா வேண்டாம், மனக்கணக்கே போதும். நூறு வாட்ஸ், நான்கு ஓம்ஸ் ஸ்பீக்கர். பெருக்கினால் நானூறு, அதன் வர்க்கமூலம் இருபது வோல்ட். மல்டிமீட்டர் காட்டுவது அது. அலையின் அடியிலிருந்து நுனிவரை பார்த்தால் ஏறக்குறைய 57 வோல்ட். நானூறு வாட்ஸ் ஆம்ப் என்றால் அதுவும் இரட்டிப்பாகும். சின்னக் கருவிகள் பல ஐம்பது வோல்ட்டோடு நின்றுவிடும். அதனால் வோல்ட்டைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக் கொடுக்கும் ப்ரோப், அதாவது அளவு ஒயர், சேர்த்து வாங்குங்கள்.

மல்டிமீட்டரே போதாதா என்று கேட்பீர்கள். அது வோல்ட்டைச் சொல்லும், உச்சி உருண்டையா தட்டையா என்று சொல்லாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கல்லட்டி ஏற்றத்தில் இன்ஜின் சத்தத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் அந்த 'ஙொய்' பற்றியும் பேச எண்ணியிருந்தேன். சுருக்கமாக: அதற்குப் பெரும்பாலும் எர்த் ஒயர்தான் காரணம், ஆம்ப் எர்த்தை பெயின்ட் சுரண்டிய இரும்பில் இறுக்குங்கள். கிளாஸ்-டி என்கிற, வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் வகை ஆம்பில் ஸ்கோப்பின் கோடு கொஞ்சம் மொசமொசவென்று தெரியும், பயப்பட வேண்டாம். சி.ஆர்.ஓ. என்கிற பழைய பெட்டி ஸ்கோப் மலிவாகக் கிடைத்தால் வீட்டு மேசைக்கு வாங்கலாம், வண்டிக்கு வேண்டாம். நன்றி, வணக்கம்.