அப்டேட் செய்தேன், டெலீட் ஆனது: பார்ட்டிஷன் தாண்டும் பதிவுகளும் டிரிகர்களும்

வணக்கம். பின்னால் மின்விசிறி கடகடவென்று சத்தம் போடும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் நான் தொப்பலாக நனைந்துவிடுவேன்.

ஒரு புகாரிலிருந்து ஆரம்பிக்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஆர்டர்களுக்கு ஒரு டேபிள் இருந்தது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில்தான். ஆர்டரின் நிலை மாறும்போதெல்லாம், யார், எப்போது மாற்றினார்கள் என்று வரலாற்று டேபிளில் எழுதி வைக்க ஒரு டிரிகர், அதாவது டேபிளில் மாற்றம் நடந்தால் தானாக ஓடும் சிறு நிரல். பதிவு அப்டேட் ஆன பிறகு ஓடும் வகை. வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. டேபிள் பெருத்துப்போனதால் நிலையை வைத்துப் பார்ட்டிஷன்களாக, அதாவது உள்ளே தனித்தனி டேபிள்களாக, பிரித்தோம். நடப்பில் உள்ளவை ஒன்றில், முடிந்தவை இன்னொன்றில். சில வாரம் கழித்துக் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். "தம்பி, புக்கிங்கிலிருந்து பேக்கிங் போனது இருக்கிறது. பேக்கிங்கிலிருந்து லாரி ஏறியது இருக்கிறது. டெலிவரி ஆனது மட்டும் ஒரு ஆர்டருக்குக்கூட இல்லையே?"

போய்ப் பார்த்தேன். டிரிகர் இருந்த இடத்திலேயே இருந்தது. யாரும் முடக்கி வைக்கவில்லை. லாகில் ஒரு பிழைச் செய்தி கிடையாது. நமக்கு எந்த மாற்றம் முக்கியமோ அதை மட்டும் குறிபார்த்துத் தவறவிட்டிருந்தது.

திரையைப் பாருங்கள். அதே அமைப்பைச் சிறிதாகச் செய்து வைத்திருக்கிறேன். மேலே ஆர்டர்கள் என்ற தாய் டேபிள். கீழே நடப்பு, முடிந்தவை என்று இரண்டு பார்ட்டிஷன்கள். ஆறு டிரிகர்களைத் தாய் டேபிளில் மாட்டியிருக்கிறேன்: இன்சர்ட் (சேர்த்தல்), அப்டேட் (மாற்றுதல்), டெலீட் (நீக்குதல்) மூன்றுக்கும் முன்னால் ஓடும் பிஃபோர் ஒன்று, பின்னால் ஓடும் ஆஃப்டர் ஒன்று. பதிவுக்குப் பதிவு ஓடும் வகை. ஓடும்போது தன் பெயரையும், எந்த டேபிளில் ஓடுகிறது என்பதையும் அச்சிடும், அவ்வளவுதான்.

ஏழாம் எண் ஆர்டரைப் புக்கிங்கிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றுகிறேன். இரண்டு வரி வந்தது. பிஃபோர் அப்டேட், நடப்பு. ஆஃப்டர் அப்டேட், நடப்பு. சரி.

இப்போது அதே ஆர்டரை டெலிவரி என்று மாற்றுகிறேன். ஐந்து வரி வருகிறது, ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். பிஃபோர் அப்டேட், நடப்பு. பிஃபோர் டெலீட், நடப்பு. பிஃபோர் இன்சர்ட், முடிந்தவை. ஆஃப்டர் டெலீட், நடப்பு. ஆஃப்டர் இன்சர்ட், முடிந்தவை. கடைசியில் "அப்டேட் 1" என்று ஒன்றுமே நடக்காததுபோல் முடிக்கிறது.

ஆஃப்டர் அப்டேட் எங்கே? வரவில்லை, வரவும் வராது.

பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பையன் ஏ பிரிவிலிருந்து பி பிரிவுக்குப் போனால் அதே பதிவேட்டில் ஒரு திருத்தம் போதும். பள்ளியே மாறினால்? பழைய பள்ளி டிசி கொடுத்துப் பெயரை அடிக்கும், புதுப் பள்ளி அட்மிஷன் போடும். "இந்தப் பையன் மாறினான்" என்ற திருத்தம் இரண்டு பதிவேட்டிலும் இருக்காது. போஸ்ட்கிரெஸுக்கு ஒவ்வொரு பார்ட்டிஷனும் தனிப் பள்ளிக்கூடம். தாய் டேபிளில் நாம் மாட்டும், பதிவுக்குப் பதிவு ஓடும் டிரிகர்கூட ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஒரு நகலாகத்தான் போய் உட்காருகிறது.

இது குறை இல்லை, ஆவணத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் பதிவு பார்ட்டிஷன் தாண்டவே முடியாது, பிழை சொல்லி நிறுத்திவிடும். 2018இல் 11 வந்தபோதுதான் தாண்ட விட்டார்கள், டெலீட்டும் இன்சர்ட்டுமாக. என்னைக் கேட்டால் பத்தின் முரட்டுத்தனமே மேல் என்று சில இரவுகளில் தோன்றியிருக்கிறது. அது திட்டியாவது நிறுத்தியது.

ஆஃப்டர் அப்டேட் வராமல் போவது ஒரு தொல்லை என்றால், வரக்கூடாத டிரிகர்கள் வருவது இன்னொரு தொல்லை. உங்களில் பலர் பிஃபோர் இன்சர்ட்டில், பதிவு உருவான நேரத்தை நிரப்பி வைத்திருப்பீர்கள். ஆர்டர் போட்டது மார்ச்சில், டெலிவரி ஏப்ரலில். டெலிவரி என்று மாற்றிய அந்த நொடியில் பிஃபோர் இன்சர்ட் ஓடி, உருவான நேரத்தை ஏப்ரலாக்கிவிடும். பழைய நேரம் போனது போனதுதான். புது ஆர்டர் வந்தால் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலுக்கு வரிசையில் போடும் ஆஃப்டர் இன்சர்ட் இருந்தால், பொருள் கைக்கு வந்த நாளில் "உங்கள் ஆர்டர் கிடைத்தது" என்று இன்னொரு மடல் போகும். நீக்கியவற்றைச் சேமிக்கும் ஆஃப்டர் டெலீட் இருந்தால், உயிரோடு இருக்கும் ஆர்டருக்கு இறப்புச் சான்றிதழ்.

இந்தக் காணொளிக்குத் தயார் செய்யும்போது நானே ஒன்றில் மாட்டிக்கொண்டேன். ஆறு டிரிகருக்கும் ஒரே ஃபங்ஷன் போதும் என்று சோம்பலில் எழுதி, முடிவில் எல்லாவற்றுக்கும் புதிய பதிவையே திருப்பிக் கொடுத்துவிட்டேன். டெலீட்டில் புதிய பதிவு ஏது? வெறுமைதான் (NULL) திரும்பும். பிஃபோர் டெலீட்டில் வெறுமை என்றால் "நீக்காதே" என்று பொருள். நீக்கவில்லை என்றால் போஸ்ட்கிரெஸ் இன்சர்ட்டையும் விட்டுவிடும், ஒரு பதிவு இரண்டாகிவிடக் கூடாதே. ஆகவே அப்டேட் சத்தமில்லாமல் ஒன்றும் செய்யவில்லை. கால் மணி நேரம் திரையை முறைத்துக்கொண்டிருந்தேன். இதாவது பரவாயில்லை. பிஃபோர் இன்சர்ட் வெறுமையைத் திருப்பினால், அதற்குள் டெலீட் முடிந்திருக்கும். பதிவு இங்கும் இல்லை, அங்கும் இல்லை.

12 முதல் 14 வரையான பதிப்புகளில் இருப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். பொருள்கள் டேபிளிலிருந்து ஆர்டரைச் சுட்டும் ஃபாரின் கீ ஒன்று, அதாவது இந்தப் பொருள் இந்த ஆர்டருடையது என்ற இணைப்பு, ஆர்டர் போனால் அதன் பொருள்களும் போகட்டும் என்ற கேஸ்கேடோடு இருக்கிறதா? ஆர்டர் பார்ட்டிஷன் மாறும்போது உள்ளே நடக்கும் டெலீட், பொருள்களையும் சேர்த்து அழித்துவிடும். 2022இல் வந்த 15இல் இதைத் தாய் டேபிளின் அப்டேட்டாகவே பார்க்கும்படி திருத்தினார்கள். திருத்தம் ஃபாரின் கீக்கு மட்டும்தான். நாம் எழுதும் டிரிகர்கள் பழையபடியேதான்.

சரி, என்ன செய்தேன்? வரலாறு எழுதும் வேலையைக் கட்டளைக்கு ஒருமுறை ஓடும் ஆஃப்டர் அப்டேட் டிரிகருக்கு மாற்றினேன். அந்த வகைக்கு உள்ளே டெலீட் நடந்ததா, இன்சர்ட் நடந்ததா என்பது பொருட்டே இல்லை. நாம் கொடுத்த கட்டளை அப்டேட் என்றால் அப்டேட்தான் ஓடும். பழைய பதிவுகளை ஒரு தற்காலிக டேபிளாகவும், புதியவற்றை இன்னொன்றாகவும் கையில் கொடுக்கும். பார்ட்டிஷன் தாண்டியவையும் இரண்டிலும் இருக்கும். இரண்டையும் ஆர்டர் எண்ணால் இணைத்து, நிலை வேறுபடுபவற்றை வரலாற்றில் எழுத வேண்டியதுதான்.

இணைக்கும்போது, பதிவைத் தனியாக அடையாளம் காட்டும் பிரைமரி கீ முழுவதையும் வைத்து இணைக்காதீர்கள். பார்ட்டிஷன் பிரிக்கப் பயன்படும் நெடுவரிசை பிரைமரி கீக்குள் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. அப்படியானால் நம் கீயில் நிலையும் இருக்கிறது, மாறியதும் அதே நிலைதான். முழுக் கீயை வைத்து இணைத்தால் மாறிய ஒரு பதிவும் பொருந்தாது. நான் முதலில் அப்படித்தான் எழுதினேன், வரலாறு மறுபடியும் காலி. எண்ணை மட்டும் வையுங்கள்.

இப்போது எட்டாம் எண்ணை டெலிவரி என்று மாற்றுகிறேன். வரலாற்று டேபிளைத் திறக்கிறேன். எட்டு, பேக்கிங், டெலிவரி, நேரம். வந்துவிட்டது.

ஒன்று மட்டும். அப்டேட்டைத் தாய் டேபிளின் பெயரில் கொடுங்கள். பார்ட்டிஷன் பெயரைச் சொல்லி நேராக அப்டேட் செய்தால் இந்த டிரிகர் ஓடாது, பதிவு தாண்டவும் தாண்டாது, பிழைதான் வரும். எங்கள் இடத்தில் இரவில் ஓடும் ஒரு பழைய ஸ்கிரிப்ட் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. அதைத் தேடிப் பிடித்த கதைக்குத் தனிக் காணொளி வேண்டும்.