பூட்டின் முன் நின்றவர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

‘நகர வரலாற்று அருங்காட்சியகத்தைப் பார்க்க ஒரு மணி நேரம் போதுமா, ஒரு முழு நாள் வேண்டுமா?’ இதுதான் தலைப்பு. முழு நாள் வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “அங்கே என்ன இருக்கிறது? பழைய பூட்டு, பழைய பெயர்ப்பலகை, பழைய வரைபடம். ஒரு சுற்று வந்தால் முடிந்தது” என்றார். நடுவர் அவர்களே, அந்தப் பூட்டை நான் என் பக்கம் எடுத்துக்கொள்கிறேன். பேரரசரின் கிரீடம் என்றால் வாசலில் நுழையும்போதே கண்ணைப் பறித்துவிடும். பூட்டு அப்படிப் பறிக்காது. கிட்டப் போக வேண்டும், குனிய வேண்டும். அப்போதுதான் சாவித் துளையைச் சுற்றி இருக்கிற கீறல்கள் தெரியும். யாரோ ஒருவர் இருட்டில் தடவித் தடவிச் சாவி போட்டிருக்கிறார், வருடக்கணக்காக. அந்தக் கீறல் கண்ணில் படும்வரை அது வெறும் இரும்புதான்.

சரி, வேகமாகப் பார்ப்போம் என்றாலும் அந்த அறைகள் விடாது. பழைய காகிதமும் துணியும் வெளுத்துப் போகாமல் இருக்க, அங்கே வெளிச்சத்தைச் சுமார் 50 லக்ஸுக்குக் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) குறைத்து வைப்பது வழக்கம். வெயிலிலிருந்து உள்ளே வந்த கண் அந்த மங்கலுக்குப் பழகவே சில நிமிடம் ஆகும். நம் ஒரு மணி நேரக்காரர் அதற்குள் அடுத்த அறைக்குப் போய்விடுவார்! வரைபடத்தில் மெல்லிய கோடாக ஓடும் பழைய வாய்க்கால் அவர் கண்ணில் படவே படாது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், “கால் வலிக்கும், அலுப்புத் தட்டும்” என்றார். நியாயமான பேச்சு. 1916லேயே பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் கில்மன் இந்தக் களைப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருவரைப் பொருள்களைப் பார்க்கச் சொல்லி, அவர் எப்படியெல்லாம் வளைந்தும் குந்தியும் கழுத்தைத் திருப்பியும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று புகைப்படமே எடுத்துப் போட்டார். ஐயா, அந்தக் களைப்புக்கு மருந்து ஓடுவதா? பத்து நிமிடம் பெஞ்சில் உட்காருங்கள். வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வாருங்கள். அதற்குத்தான் நாங்கள் ஒரு முழு நாளைக் கேட்கிறோம்.

2017இல் லண்டன் ஒயிட்சேப்பலில், நிலத்தடிக் கழிவுநீர்ப் பாதையில் ஒரு கொழுப்புப் பாறையைக் கண்டுபிடித்தார்கள். நீளம் 250 மீட்டர், எடை சுமார் 130 டன். வீடுகளிலும் உணவகங்களிலும் ஊற்றிய எண்ணெயும், கழிப்பறையில் போட்ட ஈரத் துடைப்பான்களும் சேர்ந்து இறுகிக் கல்லாகிவிட்டன. அதில் சிறு துண்டை எடுத்து, 2018இல் லண்டன் அருங்காட்சியகம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது. வைத்த இடத்திலேயே அது நிறம் மாறியது, உள்ளிருந்து ஈக்கள் வந்தன! மன்னர்களின் வரலாற்றில் இதற்கு இடம் கிடைக்காது. ஆனால் ஒரு நகரமே சேர்ந்து செய்த பொருள் அது. என்னைக் கேட்டால், வாளையும் கேடயத்தையும் விட அதன் முன் அதிக நேரம் நிற்பேன். நம் வீட்டுக் குழாய்க்குக் கீழே என்ன இருக்கிறது என்ற கேள்வி அங்கே நின்றால் வந்தே தீரும்.

கடைசியாக ஒன்று சொல்கிறேன். என் அப்பாவை எங்கள் நகர அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். மிகப் பழைய தெருப் படம் ஒன்றின் முன் நின்றவர், “பகல் வெளிச்சம், கடையெல்லாம் திறந்திருக்கிறது, ஆளையே காணோமே?” என்றார். அங்கிருந்த ஊழியர் விளக்கினார்: அந்தக் காலக் கேமராவில் படம் பதிய நேரம் பிடிக்கும், நடந்து போனவர்கள் பதியவே மாட்டார்கள். புகைப்படக் கலையின் முன்னோடியான டாகேர் 1838இல் எடுத்த பாரிஸ் தெருப் படமும் அப்படித்தான். பரபரப்பான சாலை வெறிச்சோடித் தெரிகிறது. காலணிக்கு மெருகு போட நின்ற ஒருவரும், அவர் காலடியில் வேலை செய்தவரும்தான் படத்தில் விழுந்தார்கள்.

அதைக் கேட்ட பிறகு அப்பா அந்தப் படத்தை விட்டு நகரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் தேடினார். அப்புறம் விரலை நீட்டிக் காட்டினார். ஒரு வாசற்படியில் புகை மாதிரி ஒரு கறை. யாரோ அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போயிருக்கிறார். அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தொலைந்த உறவினரைக் கண்டுபிடித்தது போல இருந்தது.

மூடும் நேரம் என்று காவலர் வந்து சொன்னபோதும் அவர் அந்தப் படத்தின் முன்னால்தான் இருந்தார். அந்த அரை மணி நேரத்தை எதிரணியினர் தங்கள் ஒரு மணி நேரத்தில் எங்கே வைப்பார்கள் என்று கேட்டு, எங்கள் பக்கம் தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.