கருவேல முள் போட்ட கோட்டுக்கு கார் முழுக்க பெயிண்ட் அடிக்கணுமா?

சரி, அடுத்த கேள்வி. பரமக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார், அப்படியே படித்துவிடுகிறேன். "அண்ணே, நீலக் கலர் பலேனோ, வாங்கி நாலு வருஷம் முடிந்துவிட்டது. சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போனோம். கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் பாதை, இரண்டு பக்கமும் சீமைக் கருவேல முள். எதிரே டிராக்டர் வந்ததால் ஓரம் கட்ட வேண்டியதாகிவிட்டது, கதவு, ஃபெண்டர் எல்லாம் கோடு கோடாகிவிட்டது. பட்டறையில் காட்டினால் இரண்டு பக்கமும் முழுசாகப் பெயிண்ட் அடித்தால்தான் போகும், 24 ஆயிரம் என்கிறார்கள். எங்கள் மாமா பல் துலக்குகிற பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலே போய்விடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

தம்பி, இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். நீங்கள் அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரும்பாலான கோடுகள் நரை முடி ஒட்டியிருப்பது மாதிரி மெல்லிசாக, வெள்ளையாகத் தெரிகின்றன. நீலக் காரில் வெள்ளைக் கோடு தெரிந்ததும் பெயிண்ட் போய் அடியில் இருக்கிற பிரைமர் தெரிகிறது என்று நினைத்துப் பயந்திருக்கிறீர்கள், பட்டறையிலும் அந்தப் பயத்தைப் போக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியை ஆணியால் கீறிப் பாருங்கள், கோடு வெள்ளையாகத்தான் தெரியும், கண்ணாடிக்குள் வெள்ளைப் பெயிண்டா இருக்கிறது? கீறின இடத்தில் வெளிச்சம் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். கார் பெயிண்டுக்கு மேலேயும் அதே மாதிரி ஒரு நிறமில்லாத பூச்சு இருக்கிறது, கிளியர் கோட் என்பார்கள்.

அதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். கார் கம்பெனியில் வெறும் கூட்டைத் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி முதல் பூச்சு ஏற்றுவார்கள், துருப்பிடிக்காமல் காப்பது அதுதான். அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் கலர், கடைசியாகக் கிளியர் கோட். இந்த நாலும் சேர்ந்து மொத்தமே சுமாராக ஒரு ஏ4 தாளின் கனம்தான் இருக்கும், ஏறக்குறைய 100 மைக்ரான், வண்டிக்கு வண்டி கொஞ்சம் கூடும் குறையும். அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். பளபளப்பும் அதில்தான், வெயிலிலிருந்து கலரைக் காப்பதும் அதுதான். பழைய கார்களில் பானட்டும் கூரையும் பொருக்கு உரிந்த மாதிரி வெளுத்துப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது கிளியர் கோட் செத்துப்போன இடம்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம், நிறைய பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ரப்பிங் காம்பவுண்ட், அதாவது கோட்டைப் போக்கத் தேய்க்கிற பசை, அதைப் போட்டுத் தேய்த்தால் கோடு அடைபடுகிறது என்று நினைக்கிறார்கள். அடைபடுவதில்லை. கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற நல்ல கிளியர் கோட்டைத் தேய்த்துத் தேய்த்து, கோட்டின் அடி மட்டத்துக்கு இறக்குகிறோம். வயலில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தால் மண் கொட்டி மூடாமல், சுற்றி இருக்கிற மண்ணை வெட்டிச் சமப்படுத்துவது மாதிரி. கோடு ஐந்து மைக்ரான் ஆழம் என்றால் தாராளமாகச் செய்யலாம். முப்பது மைக்ரான் ஆழத்தைச் சமப்படுத்தப் போனால் அந்த இடத்தில் கிளியர் கோட்டே மிச்சம் இருக்காது. அதனால்தான் கை வைப்பதற்கு முன்னால் ஆழம் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஆழம் பார்ப்பதற்கு மீட்டர் எல்லாம் தேவையில்லை. வண்டியை நன்றாகக் கழுவிவிட்டு, காய்ந்த பிறகு, கோட்டின் மேல் ஈரத் துணியைப் பிழிந்து நனையுங்கள். நனைந்ததும் கோடு கண்ணுக்கே தெரியாமல் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது கிளியர் கோட்டில் மட்டும் இருக்கிற கோடு. தண்ணீர் அந்தப் பள்ளத்தை நிரப்புவதால் வெளிச்சம் சிதறாமல் நேராகப் போகிறது. (தேங்காய் எண்ணெய் தடவிக் கோடு போச்சு என்று காட்டுகிற வீடியோக்களில் நடப்பதும் இதேதான், நாலு நாளில் எண்ணெய் போனால் கோடு வந்து நிற்கும்.) அப்புறம் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். இடறாமல் வழுக்கிக்கொண்டு போனால் கையாலேயே சரிசெய்யலாம். இடறினால் அது ஆழமான கோடு, அதற்கு வழி வேறு.

முள் கோடுகள் நகத்தில் இடறாமல் இருந்தால் செய்ய வேண்டியது இதுதான். சாயங்காலம் வெயில் இறங்கி, தகடு தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது, நிழலில் வைத்துச் செய்யுங்கள். முதலில் ஷாம்பு போட்டுக் கழுவுவது ரொம்ப முக்கியம், ஒரு மண் துகள் துணியில் மாட்டினாலும் பத்துக் கோட்டைப் போக்கப் போய் நூறு கோடு போட்டுவிடுவீர்கள். ரப்பிங் காம்பவுண்டில் முரட்டு ரகம், நைஸ் ரகம் என்று இருக்கிறது, நீங்கள் நைஸ் ரகத்தில் ஆரம்பியுங்கள். ஸ்பாஞ்சில் ஒரு புளியங்கொட்டை அளவு எடுத்தால் போதும். ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம், ஒரு நேரத்தில் அவ்வளவு இடம்தான். ரொம்ப அழுத்தாமல் ஒரு நிமிஷம் தேய்த்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். குறைந்திருந்தால் இன்னொரு தடவை. மூன்று தடவைக்கு மேல் போயும் மங்கலாக ஒரு கோடு மிச்சம் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம். பத்தடி தள்ளி நின்றால் அது தெரியாது. ஆனால் அதற்காகத் தேய்ந்துபோகிற கிளியர் கோட் திரும்பி வராது.

காம்பவுண்டில் எண்ணெய்ப் பசை இருக்கும், அது கொஞ்சம் கோட்டை மறைத்துக் காட்டும். அதனால் முடித்ததும் அந்த இடத்தை இன்னொரு தடவை ஷாம்பு போட்டுக் கழுவி, காயவிட்டு, அப்புறம்தான் போயிருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். திருப்தியாக இருந்தால் பாலிஷ், அதற்கு மேல் வேக்ஸ். பனியன் வேஸ்ட்டைத் துடைக்கப் பயன்படுத்தாதீர்கள், அதில் தையலும் தூசியும் இருக்கும்.

விளிம்பு விஷயம் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கதவின் ஓரம், கதவு நடுவில் ஓடுகிற மடிப்புக் கோடு, இந்த இடங்களில் பெயிண்ட் படிவதே கம்மி. நான் தொழில் கற்றுக்கொண்ட புதிதில் ஒரு கறுப்புக் காரின் பின்கதவு மடிப்பில் பாலிஷ் போடுகிற மெஷினை ஒரு இரண்டு வினாடி கூடுதலாக நிறுத்திவிட்டேன். வெள்ளையாக இருக்க வேண்டிய பேடில் கறுப்பு ஏறியது, பார்த்ததும் கை நின்றுவிட்டது. கிளியர் கோட்டைத் தாண்டிக் கலருக்குப் போய்விட்டேன் என்று அர்த்தம். அந்தக் கதவை முழுசாகப் பெயிண்ட் அடித்துத்தான் கொடுக்க முடிந்தது, வண்டிக்காரர் முகத்தை இன்னும் மறக்கவில்லை. அதனால் மடிப்பு, விளிம்பு வருகிற இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வேலை செய்யுங்கள். தேய்க்கிற துணியில் உங்கள் வண்டியின் நீலம் ஏறுகிறதா என்று அடிக்கடி பாருங்கள், ஏறினால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

மாமா சொன்ன பேஸ்ட்டுக்கு வருவோம். அவர் சொன்னது முழுக்கத் தப்பில்லை, பல் பேஸ்ட்டிலும் தேய்க்கிற துகள் இருக்கிறது, லேசான கோடு கொஞ்சம் மங்கும். ஆனால் அது பல்லுக்காகச் செய்தது. துகள் எவ்வளவு முரடு என்று உங்களுக்குத் தெரியாது, ஒவ்வொரு பேஸ்ட்டிலும் ஒவ்வொரு மாதிரி. கைப்பிடிக்கு உள்ளே விழுகிற நகக் கோட்டுக்கு வேண்டுமானால் போட்டுப் பாருங்கள், இரண்டு பக்கக் கதவுக்கும் வேண்டாம்.

பட்டறைக்காரர் சொன்னதற்கு நான் ஏன் இவ்வளவு தயங்குகிறேன் என்றால், உங்கள் காரில் இருப்பது கம்பெனிப் பெயிண்ட். அங்கே வெறும் கூடாக இருக்கும்போது மேல் பூச்சைச் சுமார் 140 டிகிரி சூட்டில் வேகவைத்து இறுக்குகிறார்கள். ஓடுகிற வண்டியை அப்படிச் சூடு பண்ண முடியாது, ஒயர், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் இருக்கிறது, நல்ல பெயிண்ட் பூத்திலேயே 60 டிகிரி பக்கம்தான் வைப்பார்கள். நல்ல பெயிண்டர் கைபட்டால் பார்க்க அருமையாக வரும், அதில் சந்தேகமில்லை, ஆனால் ஒரிஜினலைத் தேய்த்துவிட்டு அதன் மேல் அதைப் போட அவசியம் இருக்க வேண்டும். இன்னொன்று, நாளைக்கு வண்டியை விற்கும்போது வாங்க வருகிறவர் பெயிண்ட் கனம் அளக்கிற மீட்டர் வைத்துப் பார்ப்பார். எல்லாக் கதவிலும் கனம் கூடுதலாகக் காட்டினால், கருவேல முள் என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் ஆக்சிடெண்ட் வண்டி என்றுதான் விலை பேசுவார்.

இன்சூரன்ஸில் போடலாமா என்றும் யோசித்திருப்பீர்கள். நாலு வருஷம் கிளெய்ம் போடாமல் இருந்தால் சொந்தச் சேத பிரீமியத்தில், அதாவது நம் வண்டிக்கு ஆகிற சேதத்துக்காகக் கட்டுகிற பங்கில், 45 சதவீதம் நோ கிளெய்ம் போனஸாகத் தள்ளுபடி கிடைக்கும், அடுத்த வருஷம் 50. ஒரு கிளெய்ம் போட்டால் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும். 1500 சிசிக்குள் இருக்கிற வண்டிக்குக் கட்டாயமாக 1000 ரூபாய் நம் கையிலிருந்து வேறு போகும். காம்பவுண்டில் போகிற கோட்டுக்காக அந்தப் போனஸை இழக்க வேண்டாம்.

கடைசியாக, இடது பின்கதவில் கைப்பிடிக்குக் கீழே ஒரு கோடு, அதை மட்டும் தனியாகச் சொல்கிறேன். மூன்றாவது போட்டோவில் அது மற்றதை விடத் தடிமனாக, நடுவில் சாம்பல் நிறமாக இருக்கிறது. அது முள்ளாகத் தெரியவில்லை, காய்ந்த கிளை முறிந்து குத்தி இழுத்திருக்கலாம், கல்லாகவும் இருக்கலாம். அது பிரைமர் வரைக்கும் போயிருக்கிறது என்பது என் கணிப்பு. அதில் காம்பவுண்ட் போட்டுப் பயனில்லை, டச்-அப் பெயிண்ட்தான். கலரின் குறியீட்டு எண், பானட்டுக்குள் இருக்கிற பிளேட்டிலோ கதவைத் திறந்தால் தெரிகிற தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரிலோ இருக்கும், அதைச் சொல்லி வாங்குங்கள், "நீலம்" என்று கேட்டு வாங்காதீர்கள், நீலத்தில் எத்தனையோ நீலம். பாட்டிலோடு வருகிற பிரஷ் ரொம்பத் தடி. பல் குத்துகிற குச்சியின் நுனியில் தொட்டு, பள்ளத்துக்குள் மட்டும் மெல்லிசாக விடுங்கள், அரை மணி நேரம் காயவிட்டு இன்னொன்று, மூன்று தடவை. அதற்கு மேல் கிளியர் கோட். மழை ஈரம் இருக்கிற நாளில் செய்யாதீர்கள், பூச்சு பால் மாதிரி வெளுத்துவிடும். மெட்டாலிக் கலர் என்பதால் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒட்டுப்போட்டது தெரியத்தான் செய்யும். ஆனால் துரு ஏறாது. தகடே பளிச்சென்று தெரிகிற அளவுக்குப் போயிருந்தால் கலருக்கு முன்னால் ஒரு சொட்டு பிரைமர் வேண்டும், அதையும் தள்ளிப்போடாதீர்கள், ராமநாதபுரத்துக் கடல் காற்றுக்குத் தகடு சீக்கிரமே பழுத்துவிடும்.

இந்த ஒரு கோட்டை மட்டும் நனைத்துப் பார்த்து, பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன், அதுவரைக்கும் அதில் உப்புத்தாள் வைக்க யாரையும் விடாதீர்கள்.